எது முதல் பக்கம்

1

இந்தக் கதை ஒரு திருட்டுச் சந்தேகத்தில் பிறந்தது. நீங்களாகக் கண்டுபிடித்து என்னைப் பிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மழைக்காகக் கண்டியில் நளீரின் கடைக்குள் ஒதுங்கினேன். நளீர் அலவத்துகொடை ஊர்க்காரர். பள்ளிக் கொப்பியும் பேனையும் விற்பதுதான் அவருடைய வியாபாரம். உள்ளே ஓர் அலுமாரியில் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்களும் கொஞ்சம் வைத்திருப்பார். அந்த அலுமாரிக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், தோளில் பெரிய பை. ஒரு புத்தகத்தை எடுப்பாள், கடைசிப் பக்கத்தைத் திறப்பாள், அங்கிருந்து பின்னோக்கியே ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பாள். நடுவில் எங்கேயாவது விரலை வைத்து நிற்பாள். பிறகு வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

நான் மாநகர சபையில் முறைப்பாட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவன். அடுத்த வீட்டுக்காரன் மதிலைத் தள்ளிக் கட்டிவிட்டான், எதிர் வீட்டுக்காரி குப்பையை என் வாசலில் கொட்டுகிறாள் என்று வந்த மனுக்களை வாசித்து வாசித்து, யார் எதைச் செய்தாலும் அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கும் என்று நினைக்கப் பழகிவிட்டேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். தீர விசாரித்ததிலும் பாதி பொய் என்பது என் அனுபவம். நளீரிடம் போய் மெதுவாகச் சொன்னேன்.

"அந்தப் பொம்பளையக் கொஞ்சம் கவனிங்க."

"ஏன் ஐயா?"

"புத்தகம் வாங்குற ஆளு முன்னாலருந்துதானே பாக்கும்."

நளீர் சிரித்தார். "அவ மாசா மாசம் வார ஆள். எல்லாப் புத்தகத்தையும் அப்பிடித்தான் பாப்பா. பொறத்தால தொறக்கிறதெல்லாம் களவா ஐயா? நாங்க ஓதுற அரபுக் கிதாபே அந்தப் பக்கத்தாலதானே தொறக்கும்."

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்த ஒரு விஷயம் என் மண்டையில் ஏறியிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டி வந்திருக்காது.

அவள் ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். மூக்குத்தி போட்டிருந்தாள். (இதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்டியில் பாதிப் பெண்கள் மூக்குத்தி போட்டிருக்கிறார்கள்.)

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் முயன்றேன். தூக்கி எறிந்தவற்றையும் இங்கே வைக்கிறேன்.

ஹந்தானை மலையைப் பனி மூடியிருந்த ஒரு காலையில், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள் வரிசையாக—

இல்லை. தோட்டத்துக் கதை என்றால் உடனே பனி இறங்கிவிடுகிறது. நான் போனது நடுப்பகலில், வெயில் மண்டையைப் பிளந்தது.

ஐந்து வயது மூக்காயி, இந்தியாவுக்குப் போன தகப்பன் திரும்பி வருவார் என்று நம்பிக் காத்திருந்தாள். அவளை அப்படி நம்பவைத்தது ஒரு—

இதுவும் வேண்டாம். அவள் நம்பினாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் எழுதுகிறேன். நம்பியிருந்தாள் என்றால், அவளை ஏமாற்றியதில் எனக்குப் பங்கு உண்டு. இந்த வயதில் எனக்கு வேறு பெரிய கவலைகள் இல்லை, இது ஒன்றுதான் இருக்கிறது.

1982இல் அம்பிட்டியவுக்கு ஒரு பெட்டி படப் புத்தகங்கள் வந்தன.

இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

3

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு யப்பான் அம்மா குடியிருந்தார். கணவர் ஏதோ திட்டத்தில் இஞ்சினியர். (பெயர் மறந்துவிட்டது. ஒரு பெயரை உண்டாக்கி வைக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதும் மற்றப் பெயர்களையும் நீங்கள் சந்தேகிப்பீர்கள்.) வளர்ந்துவிட்ட தன் பிள்ளைகளின் பழைய படப் புத்தகங்களைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்களுக்குக் கொடுக்க விரும்பினார். பிள்ளைக் காம்பரா என்பது, தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற அறை. புத்தகத்தில் இருந்ததெல்லாம் யப்பான் எழுத்து. ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய வரியை அவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, இலக்கமிட்டுத் தந்தார். நான் தமிழாக்கி, துண்டு துண்டாக வெட்டி, பழைய எழுத்தின் மேல் ஒட்ட வேண்டும். கதை எழுதுகிற கிளாக்கர் என்று யாரோ என்னைக் காட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"முதலில் படங்களைப் பாருங்கள், பிறகு எழுதுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

தலையாட்டினேன், ஆனால் பார்க்கவில்லை. நான் படித்த காலத்தில் புத்தகத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அப்பா காதைத் திருகுவார். கடைக்காரர் அவர், "எழுத்த வாசிடா" என்பார். படம் என்பது எழுத்துத் தெரியாதவர்களுக்கு என்றுதான் இருபத்தெட்டு வயது வரை நினைத்திருந்தேன். இந்தப் பெட்டியின் மேலும் எனக்குச் சந்தேகம்தான். முப்பத்திரண்டு பக்கப் புத்தகத்தில் பதினான்கு வரி. மற்ற இடத்திலெல்லாம் என்ன செய்கிறார்கள்?

மாலையில் கந்தோர் வேலை முடிந்ததும் சபையின் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் அடித்தேன். கோதுமை மாப் பசை காய்ச்சினேன். பதினொரு புத்தகங்கள் சரியாக வந்தன. பன்னிரண்டாவதில்தான் என் கை பிசகியது. அதில் எழுத்து மேலிருந்து கீழே இறங்கியது. அப்படிப்பட்ட புத்தகங்களை அந்த நாட்டில் வலப்பக்கத்திலிருந்து திறப்பார்களாம். நான் நம் வழக்கப்படி திறந்து, ஒன்றாம் துண்டிலிருந்து பதினான்காம் துண்டு வரை ஒட்டிக்கொண்டே போனேன். அதாவது, கதையின் முதல் வரியைக் கடைசிப் படத்தில் ஒட்டினேன்.

கதை இவ்வளவுதான்: மலைமேல் ஒரு வீடு. கீரியும் நரியும் கலந்த மாதிரி ஒரு பிராணிக் குடும்பம். மூட்டை கட்டுகிறார்கள். மலை இறங்குகிறார்கள். ரயில் ஏறுகிறார்கள். கப்பல் ஏறுகிறார்கள். கடைசியில் வெறும் கடலும் அதன் விளிம்பில் கொஞ்சம் புகையும்.

என் கைவண்ணத்தில், வெறும் கடல் படத்தின் கீழே "மலைமேல் ஒரு வீடு இருந்தது" என்று இருந்தது.

4

இரண்டு பேரை அறிமுகப்படுத்த வேண்டும். ஒருத்தியை நான் அப்போதும் நம்பவில்லை, இப்போது எழுதும்போதும் நம்பவில்லை.

அவள் ராக்கம்மா. ஹந்தானையில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் ஆயா. புருஷன் இல்லை, எழுத்து வாசிக்கத் தெரியாது. தாய் செத்த பிறகு தம்பி பழனியாண்டியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அந்தப் பழனியாண்டியின் மகள்தான் மூக்காயி.

(1982இல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூக்காயி என்றா பெயர் என்று கேட்காதீர்கள். முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் மூக்கைக் குத்தி, சாவு திரும்பிப் பார்க்காதபடி அந்தப் பெயரை வைத்தார்கள்.)

பழனியாண்டி ஒரு வருடத்துக்கு முன் இந்தியாவுக்குப் போய்விட்டார். அவர் சிறுவனாக இருந்தபோது எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டு அவருடைய தகப்பன் போட்ட மனுவில் இந்தியா என்று இருந்தது. அவர் கட்டிய பெண்ணின் குடும்பமோ இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டிருந்தது. இரண்டு அரசாங்கமும் பேசி முடித்ததில் புருஷன் ஒரு நாடு, பெண்சாதி ஒரு நாடு என்று ஆயிற்று. அங்கே ஓர் இடம் பார்த்துக்கொண்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, கண்டி ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறினார். முதல் ஆறு மாதத்தில் இரண்டு கடிதம் வந்தது.

தாய் மலைக்குப் போனதும் மூக்காயி அத்தையின் காம்பராவில் இருப்பாள். பன்னிரண்டாவது புத்தகம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது.

5

யப்பான் அம்மா காம்பராவைப் பார்க்க வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் ஒட்டியதை ஒருமுறை சரிபார்க்கலாம் என்று ஆங்கிலத் தாளை எடுத்தேன். பன்னிரண்டாவது புத்தகத்தின் தாளில், மேல் மூலையில், வலப்பக்கத்திலிருந்து திறக்கவும் என்று எழுதியிருந்தது. நான் அதை வாசித்திருக்கவே இல்லை. ஒரு பிளேடு, புதுத் துண்டுகள், ஜாம் போத்தலில் பசை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கூரையிலிருந்து தொங்கிய சேலைத் தொட்டில்களில் கைக்குழந்தைகள் தூங்கின. பாயில் ஏழெட்டுப் பிள்ளைகள். ராக்கம்மா புத்தகத்தை மடியில் வைத்து, நம் வழக்கப்படி திறந்தாள்.

"கடலு. அந்தா பொக தெரியிது பாரு. கப்பலு வருது. யாரு வர்றா?"

"அவுங்க வர்றாங்க" என்றார்கள் பிள்ளைகள்.

"கப்பல உட்டு எறங்கி கோச்சில ஏறுறாங்க. கோச்சி எங்க வருது?"

"கண்டிக்கு."

"கண்டியில எறங்கி மலை ஏறுறாங்க. ஏறி வந்துட்டாங்க. அந்தா வீடு. வெளக்கு எரியிதா?"

"எரியிது."

ஒரு பொடியன் மட்டும் எழுந்து படத்தில் விரல் வைத்தான். "ஆயா, ஏன் பின்னால பின்னால நடக்குறாங்க?"

"சறுக்குற மலையில அப்புடித்தான் ஏறணும்" என்றாள் ராக்கம்மா, கண் இமைக்காமல்.

(ஹந்தானையில் யாரும் பின்பக்கமாக மலை ஏறி நான் பார்த்ததில்லை. என் சந்தேகம் இங்கேதான் தொடங்கியது. எழுத்துத் தெரியாதவளுக்குப் படத்தில் கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றுமா தெரியாது?)

அப்போதுதான் என்னைக் கண்டாள். "வாங்க கிளாக்கர் ஐயா. என்னா பை நெறையக் கொண்டாந்திருக்கீங்க?"

"பொஸ்தகத்துல பெழ இருக்கு. எழுத்த மாத்தி ஒட்டிட்டேன். சரி பண்ணிக் குடுத்துர்றேன்."

"எழுத்துதான மாறிப்போச்சு. இங்க யாரு எழுத்தப் படிக்கிறா?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முறைப்பாட்டுப் பிரிவுக்காரனால் முடியவில்லை. "அது மட்டுமில்ல. இந்தப் பொஸ்தகம் அந்தப் பக்கத்துலருந்து தொடங்குது. இவுங்க வரல. போறாங்க."

பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன். மூக்காயிக்கு முன்னால் சொன்னேன். எனக்கு அவளை அப்போது தெரியாது, அவள் கதையைப் பிறகுதான் கேட்டேன் என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தை நானே ஏற்கவில்லை.

ராக்கம்மா புத்தகத்தை மூடினாள். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"ஐயா, இந்தத் தோட்டத்துக்குக் காகிதம் கொண்டாந்த ஒருத்தரும் நல்ல சேதி கொண்டாந்ததில்ல. பிரஜாவுரிமைக் காகிதம், பாஸ்போட்டு, காம்பராவக் காலி பண்ணுன்னு நோட்டீசு. நீங்க ஒட்டுனது ஒங்க காகிதம், அதப் பிச்சிக்கிட்டுப் போங்க. பொஸ்தகத்தப் பெரட்டுறது நானு."

ஒரு பிள்ளை எழுந்து என்னிடம் வந்தது. சின்ன மூக்கில் ஒரு சின்ன மூக்குத்தி.

"நீங்கதான ஒட்டுனீங்க? எது மொதப் பக்கம்?"

ராக்கம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "அத்த பெரட்டுறதுதான்" என்று—

இல்லை, அத்தை என்று சொல்லியிருக்க முடியாது. அவள் அத்தை என்று எனக்கு இன்னும் தெரியாது. "ஆயா பெரட்டுறதுதான்" என்றேன். கோழைத்தனமான பதில். ஆனால் என் கையொப்பத்தோடு நான் கொடுத்த பதில்.

6

புதுத் துண்டுகளை ஒட்டுவதில்லை, பழையதைப் பிய்த்துவிட்டுப் போவது என்று முடிவுசெய்தேன். பிய்க்கத் தண்ணீர் வேண்டும். வாசல் படியில் உட்கார்ந்தேன். மூக்காயி பீலியிலிருந்து ஒரு தகரப் பேணியில் தண்ணீர் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் யப்பான் முறைப்படி வலப்பக்கத்திலிருந்து திறந்தேன். நனைத்துவிட்டுப் பசை இளகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செய்ய வேறு வேலையில்லாததால் முதல்முறையாகப் படத்தைப் பார்த்தேன்.

இரண்டு மூன்று பக்கம் தாண்டியும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள்தான் மலை இறங்கும் படத்தில், மேலே மூலையில், ஓர் எள்ளளவு மஞ்சள் புள்ளியைத் தொட்டாள்.

"வெளக்கு."

ரயில் படத்தில் இன்னும் சின்னதாக. துறைமுகத்தில் இன்னும் சின்னதாக. கப்பலுக்குப் பின்னால், நீலத்துக்கு மேலே, ஊசி குத்திய மாதிரி. அந்த வீட்டின் சன்னல் வெளிச்சம்தான் அது. போகிறவர்களுக்குப் பின்னால் எல்லாப் பக்கத்திலும் வந்துகொண்டிருந்தது. பதினான்கு வரிகளில் ஒன்றில்கூட அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வரைந்தவர் எழுதியவரிடம் சொல்லாமலே அதை வைத்திருக்கிறார் என்று தோன்றியது. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எழுத்தை வாசித்து வாசித்து நான் எத்தனை புத்தகத்தைப் பார்க்காமலே விட்டிருப்பேன்.

அவள் தாள்களைப் புரட்டி வீட்டுப் படத்துக்கு வந்தாள். வாசலில் நான்கு பிராணிகள் மூட்டையோடு நின்றன. சன்னலைக் காட்டினாள். வெளிச்சத்துக்குள் ஒரு நிழல், இரண்டு காது.

"உள்ள ஒரு ஆளு இருக்கு. இது போவல."

"யாரு இது?"

"நானு."

காம்பராவுக்குள் ராக்கம்மா தொட்டிலை ஆட்டுகிற சத்தம் கேட்டது. மூக்காயி என் காதருகில் வந்தாள்.

"அவுங்க போறாங்கன்னு எனக்குத் தெரியும். காலு எறக்கத்துலதான இருக்கு. அத்தகிட்ட சொல்லாதீங்க. அத்த அழுவும்."

7

இங்கே கதையை முடித்திருக்கலாம். நல்ல முடிவு. நல்ல முடிவு என்பதுதான் என் சந்தேகம்.

ஐந்து வயதுப் பிள்ளை இப்படிப் பேசுமா? அந்த நாளின் குறிப்பு என் பழைய டயரியில் இருக்கிறது: "புத்தகம் 12. துண்டுகள் அகற்றினேன். ஒரு பிள்ளை தண்ணீர் கொண்டு வந்தது." அவ்வளவுதான். மஞ்சள் வெளிச்சம் இருக்கிறது என்று சத்தியம் செய்வேன். சன்னலில் நிழலும் இருந்தது. "நானு" என்றது என் காதில் இன்னும் கேட்கிறது. கடைசியில் அவள் காதோடு சொன்னதைப் பற்றி மட்டும் உறுதியில்லை. நாற்பது வருடமாக என்னை நானே தேற்றிக்கொள்ள எழுதிய வரியாகவும் அது இருக்கலாம். மற்றவர் மனுவில் இப்படி ஒரு வசதியான சாட்சி இருந்தால் நான் சிவப்புக் கோடு போட்டிருப்பேன்.

அவள் அதைச் சொல்லியிருந்தால், அவள் ஏமாறவில்லை. அத்தைக்காக நடித்தாள். சொல்லவில்லை என்றால், "ஆயா பெரட்டுறதுதான்" என்று நான் சொன்னதை நம்பி, அந்தப் பிள்ளை தினமும் கடலில் தொடங்கி வீட்டில் முடித்துக்கொண்டு ஒரு மனிதருக்காகக் காத்திருந்தாள்.

அவர் வரவில்லை. 1984இல் கப்பலும் நின்றது. 1986இல் மார்க்கெட்டில் கண்டபோது ராக்கம்மா இதைச் சொன்னாள். மூக்காயி பள்ளிக்கூடம் போகிறாள் என்றும் சொன்னாள். புத்தகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களைக் காணவில்லை.

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: யப்பான் அம்மா வருகிறார். ராக்கம்மா புத்தகத்தைத் தலைகீழ் வரிசையில் சொல்வதைப் பார்த்து, மொழி தெரியாமலே எல்லாம் புரிந்து, கண் கலங்குகிறார்.

(அவர் வந்தது உண்மை. பார்த்ததும் உண்மை. கண் கலங்கியதை நான் காணவில்லை. போட்டோ எடுத்தார். கீழே இறங்கும்போது தமிழ்த் துண்டுகள் ஏன் இல்லை என்று கேட்டார். ஈரத்தில் கழன்றுவிட்டன என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.)

முடிவு ஆ: ஒரு நாள் பொழுதுசாயும் வேளையில் பழனியாண்டி மலை ஏறி வருகிறார். இதை 1990இல் முழுதாக எழுதினேன், கிழித்தேன். ராக்கம்மா புரட்டிய படத்தில் போல, புகை முன்னால் போகப் பின்பக்கமாக ஓடுகிற ரயிலில்தான் அவரைக் கொண்டுவர முடிந்தது.

முடிவு இ: நளீரின் கடையில் நின்ற பெண்தான் மூக்காயி. நான் கிட்டப் போய்—

8

போகவில்லை.

இந்த மாதமும் அதே இரண்டாவது சனிக்கிழமை, மழை இல்லாத நாளிலும் குடையோடு போய் நின்றேன். அவள் வந்திருந்தாள். இந்த முறை ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை வந்து, ஒரு வீட்டின் சன்னலில் விரலை வைத்து நின்றாள். (படப் புத்தகம் என்றால் வீடு இருக்கும், வீடென்றால் சன்னல் இருக்கும். தெரியும்.) நளீர் என்னைப் பார்த்து, "இன்னமும் சந்தேகமா ஐயா?" என்றார். நான் அவளுக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். வாயில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஐந்து வயதில் மூக்காயி என்னைக் கேட்ட அதே கேள்வி. கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயந்து, ஒரு சிவப்புப் பேனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் மூக்காயியாக இல்லாவிட்டால் ஒரு பயம், மூக்காயியாக இருந்துவிட்டால் இன்னொரு பயம்.

அதனால் இதை உங்களிடம் தருகிறேன். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, பத்து மணிக்குமேல் வருவாள். கடையை நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், நளீரைத் தெரியாதவர் கண்டியில் இல்லை. பெரிய பை, மூக்குத்தி, பின்னாலிருந்து புரட்டுகிற கை. எது முதல் பக்கம் என்று கேளுங்கள். உங்களை அவள் ஒரு மாதிரியாகப் பார்க்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நின்று பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.